பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் கசிந்துவிட்டதா? நெல்லைப் பக்கம் கேட்கிற கேள்விகளும் சட்டத்தில் இருக்கிற வழிகளும்

பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். ஒரு கல்வி நிறுவனத்தின் மாணவர் பட்டியல் டெலிகிராமில் சுற்றத் தொடங்கிய பிறகு, வாரத்துக்கு நாலு பேராவது அது பற்றிக் கேட்டு வருகிறார்கள். முதலில் வந்தவர் மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு அம்மா. போனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். "எம்மவ பேரச் சொன்னான் சார், அவ ரெஜிஸ்டர் நம்பரச் சொன்னான், பீடித் தொழிலாளி ஸ்காலர்ஷிப்புன்னும் சொன்னான். காலேஜ்ல உள்ளவனுக்குத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" ஓ.டி.பி. சொல்லிவிட்டார். குழு லோன் தவணைக்கு வைத்திருந்த 11,300 ரூபாய் போய்விட்டது.

அவர் கேட்ட கேள்விகளும் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கேட்டவையும்தான் கீழே இருக்கின்றன.

என்னென்ன கசிந்தால் பயப்பட வேண்டும்?

பெயரும் போன் நம்பரும் மட்டும் என்றால் தொல்லை அழைப்புகளோடு போகும். ஆனால் கல்லூரி விண்ணப்பம் அப்படிப்பட்ட காகிதம் இல்லை. ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, அப்பா அம்மா போன் நம்பர், போட்டோ, கையெழுத்து என்று ஒரு குடும்பத்தின் மொத்த ஜாதகமும் அதில் இருக்கிறது. பீடித் தொழிலாளர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர் என்றால் அந்த அடையாள அட்டையும் சேரும். இவை ஒரே கோப்பில் கசிந்தால் ஏமாற்றுகிறவன் நம் வீட்டு ஆள் மாதிரி பேசுவான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் வருகிற கணக்கு எது என்று தெரிந்தவன் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

தெரிந்தவுடன் முதலில் என்ன செய்வது?

பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மிஞ்சும். அந்த அம்மாவுக்குப் பணம் போனது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவர் திங்கள்கிழமை மனுநாளுக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்றார். எல்லாவற்றுக்கும் கலெக்டரிடம் மனு கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த மனு சுற்றிவந்து போலீசுக்குத்தான் போகும். அதற்குள் மூன்று நாள் போய்விட்டது.

அடுத்து, வங்கிக்குச் சொல்லி அட்டையையும் யு.பி.ஐ.யையும் நிறுத்துங்கள். ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். எல்லாம் அரை மணி நேர வேலை.

பலர் செய்யாமல் விடுவது ஒன்று உண்டு. அழைத்தவன் என்ன சொன்னான் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு வையுங்கள். பதிவு எண்ணைச் சொன்னானா, துறையின் பெயரைச் சொன்னானா, பழைய போன் நம்பரைக் கேட்டானா? விண்ணப்பத்தில் மட்டும் இருந்த எழுத்துப்பிழையோடு பெயரை உச்சரித்தானா? கசிவுக்கும் இழப்புக்கும் நடுவே முடிச்சுப் போடுவது இந்தத் தாள்தான். அதிகாரியோ நீதிபதியோ "இங்கிருந்துதான் போனது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்.

எந்த ஸ்டேஷனுக்குப் போவது?

மாநகருக்குள் இருந்தால் மாநகர சைபர் கிரைம், வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி.யின் கீழ் இருக்கிற சைபர் கிரைம். தென்காசிக்காரர்களுக்கு 2019இலிருந்து தனி மாவட்டம், அவர்கள் நெல்லைக்கு வர வேண்டியதில்லை. எல்லை தெரியவில்லை என்றால் அலைய வேண்டாம். எந்தக் காவல் நிலையமும் தன் எல்லைக்கு உட்படாத குற்றத்துக்கும் முதல் தகவல் அறிக்கை பதிந்து அனுப்ப வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

"சி.எஸ்.ஆர். தர்றோம், போங்க" என்கிறார்களே?

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது. அதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துவிடாதீர்கள். வழக்குப் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்கு அல்லது கமிஷனருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் ஸ்பீட் போஸ்ட் ரசீதையே பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அதே சன்ஹிதாவின் 175(3) பிரிவின் கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு. அப்புறம் ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை விசாரிக்க இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும். "ஏட்டையா பார்த்துக்குவாரு" என்றால் பணிவாக அதை நினைவூட்டலாம்.

என்னென்ன பிரிவுகள் வரும்?

அத்துமீறிப் புகுந்து எடுத்தவன் மேல் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66. உங்கள் அடையாளத்தைப் பயன்படுத்தினால் 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. மூன்றுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை. பட்டியலை உள்ளே இருந்த ஒருவரோ, ஒப்பந்தத்துக்கு வேலை செய்த மென்பொருள்காரரோ காசுக்கு விற்றார் என்றால் 72ஏ. ஏமாற்றுதலுக்கு, பழைய இ.பி.கோ.வின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318. நீங்கள் பிரிவு எண் எழுதித்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதினால் போதும்.

சரி, பல்கலைக்கழகத்திடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

எல்லோரும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வருகிறார்கள். கேட்கலாம், ஆனால் வழி குறுகல்.

இன்றைக்குக் கையில் இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. உணர்திறன் மிக்க தகவலைக் கவனக்குறைவாக வைத்திருந்து இழப்பு உண்டாக்கினால் நஷ்டஈடு என்கிறது அது. இரண்டு இடத்தில் இடறும். முதலாவது, அது "கம்பெனி, நிறுவனம், வணிக அல்லது தொழில்முறைச் செயலில் ஈடுபட்ட அமைப்பு" ஆகியவற்றுக்குத்தான். அரசுப் பல்கலைக்கழகம் "நாங்கள் வணிகம் செய்யவில்லை" என்று முதல் பதிலிலேயே சொல்லும். இரண்டாவது, 2011ஆம் ஆண்டு விதிகளின்படி உணர்திறன் தகவல் என்றால் கடவுச்சொல், வங்கிக் கணக்கு போன்ற நிதி விவரம், உடல்நலம், பாலியல் சார்பு, மருத்துவப் பதிவு, பயோமெட்ரிக். வீட்டு முகவரியும் மதிப்பெண்ணும் அதில் இல்லை. அதனால் புகாரில் "என் தகவல் கசிந்தது" என்று பொதுவாக எழுதாதீர்கள். "என் வங்கிக் கணக்கு எண் கசிந்தது" என்று எழுதுங்கள்.

முதல் இடறலுக்கு ஒரு மாற்று உண்டு. சேர்க்கை, தேர்வுக் கட்டணம், முடிவு வெளியீடு எல்லாவற்றையும் பெரும்பாலான இடங்களில் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனம்தான் நடத்துகிறது. அது சந்தேகமில்லாமல் கம்பெனி. விண்ணப்பப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அதன் பெயர் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எதிர்மனுதாரராக அதையும் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இதை விசாரிப்பது சிவில் நீதிமன்றம் இல்லை. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பளிக்கும் அதிகாரியாக உட்கார்ந்து விசாரிக்கிறார். சென்னைக்குப் போக வேண்டும், கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் உண்டு. நான்கு மாதத்தில், மிஞ்சினால் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று விதி எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2010 ஏப்ரலில் இதே அதிகாரி முன்னால் வந்த வழக்கில், நம் பக்கத்துத் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த வெளிநாடு வாழ் வாடிக்கையாளர் ஒருவர், போலி மின்னஞ்சலில் ஏமாந்து இழந்த பணத்துக்காக ஒரு பெரிய தனியார் வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவானது. அவரும் தகவலைத் தானே கொடுத்தவர்தான். "நீதானே கொடுத்தாய்" என்பது வழக்கை அங்கேயே முடித்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

புதுச் சட்டம் வந்துவிட்டதே, 250 கோடி அபராதமாமே?

வந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை, கசிவைச் சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை அபராதம். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட நமக்கு வராது, இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். நஷ்டஈடு என்ற சொல்லுக்கே அந்தச் சட்டத்தில் இடமில்லை. போதாக்குறைக்கு, அதன் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வரும்போது மேலே சொன்ன 43ஏ நீங்கிவிடும். விதிகள் வந்ததிலிருந்து 18 மாதம் என்பது கணக்கு, அதாவது 2027 மே. சாதாரண ஆள் கவனக்குறைவுக்குக் காசு கேட்க இருந்த ஒரே நேரடிப் பிரிவைப் பிடுங்கிவிட்டு அபராதத்தை அரசே வைத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. இழப்பு ஏற்கெனவே நடந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்பது அதனால்தான்.

அந்தச் சட்டத்தால் பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அது முழுதாக வந்த பிறகு, கசிவு நடந்தால் ஒவ்வொருவருக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும்: என்ன கசிந்தது, என்ன விளைவு வரலாம், என்ன செய்தார்கள், நாம் என்ன செய்ய வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் விவரம் தர வேண்டும். முதலில் நிறுவனத்திடம் புகார், அது சரிப்படாவிட்டால் வாரியம். பிளஸ் டூ முடித்து 17 வயதில் விண்ணப்பித்த பிள்ளை அந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தை. பெற்றோர் சம்மதம் வாங்காமல் தகவலைக் கையாண்டது தனிக் குற்றச்சாட்டாக நிற்கலாம்.

நுகர்வோர் கோர்ட்டில் போடலாமா?

பக்கத்திலேயே இருக்கிறது, செலவும் குறைவு, ஆசை வரும். ஆனால் மாணவர் நுகர்வோர் அல்ல என்று 2010இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் குறுக்கே நிற்கிறது. தனியார் பயிற்சி மையம், விடுதி நடத்தும் கம்பெனி என்றால் முயலலாம். பல்கலைக்கழகம் மீது போட்டு நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால்?

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இது நல்ல வழி. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒரே குரலில் சொன்னார்கள். அதை வைத்து அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ் ரிட் மனு போடலாம். திருநெல்வேலி மாவட்டம் 2004இல் தொடங்கிய மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் இருக்கிறது, காலை பஸ்ஸில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். பெருந்தொகை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ரிட் மனுவில் கிடைப்பது வேறு: கசிந்த பக்கத்தை மூடச் சொல்லுதல், யார் யாருடைய தகவல் போனது என்று அறிவிக்கச் சொல்லுதல், புகாரைக் குறிப்பிட்ட நாளுக்குள் முடிக்கச் சொல்லுதல். தனியார் கல்லூரி என்றால் அது பொதுக்கடமை செய்கிறதா என்ற வாதத்தைத் தாண்ட வேண்டும்.

கோர்ட் எல்லாம் வேண்டாம், அவர்கள் வாயிலிருந்து பதில் வந்தால் போதும் என்றால்?

பதிவாளருக்கு ஒரு கடிதம். கோபத்தை எல்லாம் அதில் கொட்டாதீர்கள். நான் எழுதித் தருவது இவ்வளவுதான்: "எனது பதிவு எண் இது. இன்ன தேதியில் இன்ன விவரங்களைச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. எனது எந்தெந்த விவரங்கள் வெளியே போயின, எப்போது தெரிந்தது, செர்ட்-இன் அமைப்புக்கு எப்போது தெரிவித்தீர்கள், என் விவரங்களைக் கையாளும் நிறுவனம் எது, இனி என்ன செய்கிறீர்கள் என்பதை 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." செர்ட்-இன் பற்றிய கேள்வி முக்கியம். 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி கசிவு தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அந்த மத்திய அமைப்புக்குச் சொல்ல வேண்டும். "கசிவே நடக்கவில்லை" என்று சொல்லும் நிறுவனம் இந்தக் கேள்விக்கு எழுத்தில் என்ன பதில் போடுகிறது என்று பாருங்கள்.

பதில் இல்லையா? அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 30 நாளில் பதில். மென்பொருள் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள், சர்வர் ரகசியங்களைக் கேட்காதீர்கள். பின்னதைப் பாதுகாப்பு என்று சொல்லித் தட்டிவிடுவார்கள்.

வங்கி பணத்தைத் திருப்பித் தருமா?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி இது: தப்பு வங்கியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், வங்கி தகவல் அனுப்பிய மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு பூஜ்யம். நாலிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில். ஆனால் ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், வங்கியிடம் சொல்லும் வரை போனது உங்கள் கணக்கு. அந்த அம்மா இங்கேதான் மாட்டினார். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம்.

என் பெயரில் யாரோ லோன் வாங்கியிருக்கிறார்கள்!

நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கு நிறுவனங்களிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். நாலையும் எடுங்கள், ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும். தெரியாத கடன் இருந்தால் அங்கேயும் கடன் கொடுத்தவரிடமும் எழுத்தில் மறுப்பு. 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும். வசூல் ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றால் எஃப்.ஐ.ஆர். நகலைக் காட்டுங்கள், "பாத்து கட்டிருதேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது கடனை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அந்த ஃபைல் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே வந்தது. திறந்து என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாமா?

திறக்காதீர்கள், முக்கியமாக இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். பலர் "எல்லாருக்கும் எச்சரிக்கையா இருக்கட்டும்" என்று நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். அனுப்பியவர் பெயரும் நேரமும் அதில் பதிவாகிறது, விசாரணையில் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். குரூப்பின் பெயர், அனுப்பிய நம்பர், நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போலீசிடம் கொடுங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும், அதற்கு மூலச் சாதனம் இருப்பது நல்லது.

மகளின் போட்டோவை மாற்றி அனுப்பி மிரட்டுகிறார்கள்.

இதில் பல்கலைக்கழகம், நஷ்டஈடு எல்லாம் அப்புறம். பணம் கொடுக்காதீர்கள், பேச்சை வளர்க்காதீர்கள், மகளைத் திட்டாதீர்கள். அவளுடைய போட்டோ ஹால் டிக்கெட்டிலிருந்து எடுக்கப்பட்டது, அவள் எதுவும் செய்யவில்லை. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். 181 பெண்கள் உதவி எண். மாற்றிய படத்தை நீக்கச் சொல்லி அந்தந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினால் உடனே நீக்கும் கடமை 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர்களுக்கு உண்டு.

புகார் கொடுத்தால் மார்க்ஷீட்டை நிறுத்தி வைப்பார்களோ?

பாதிப் பேர் வாசலோடு திரும்பிப் போவது இந்தப் பயத்தில்தான். புகார் கொடுத்ததற்காகச் சான்றிதழை நிறுத்த எந்த விதியும் இடம் தரவில்லை. ஆனாலும் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், இண்டர்னல் மார்க் என்று ஒன்று இருக்கிறதே. முப்பது பேர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள், அல்லது படித்து முடித்த ஒருவர் பெயரில் போகட்டும். பழிவாங்குவது போலத் தெரிந்தால் யு.ஜி.சி.யின் 2023 விதிகளின்படி மாணவர் குறைதீர் குழுவும் அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் இருக்க வேண்டும். குழுவுக்கு 15 வேலை நாள் அவகாசம். சேர்ந்து கடிதம் கொடுத்தாலும் இழப்பைத் தனித்தனியாகத்தான் நிரூபிக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். போனில் 15100.

பையன் அமெரிக்காவில் படிக்கிறான், அவனுடைய யுனிவர்சிட்டியில் கசிவு என்று மெயில் வந்திருக்கிறது.

அங்கே கதை வேறு. 2023 மே மாதம் மூவிட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் ஓட்டை விழுந்தபோது நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் தகவல் போனது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே வழக்குப் போடும் முறை உண்டு, சமரசமானால் படிவம் நிரப்பிப் பங்கு கேட்கலாம், கெடு தேதியைத் தவறவிடக் கூடாது. மூன்று கடன் நிறுவனங்களிலும் இலவசமாகக் கிரெடிட்டைப் பூட்டச் சொல்லுங்கள். மெயிலே போலியாக இருக்கலாம், அதனால் லிங்கைத் தொடாமல் பல்கலைக்கழகத்தின் தளத்தில் போய்ப் பார்க்கட்டும்.

தகவல் போனது, பணம் ஒன்றும் போகவில்லை. எனக்கு ஏதாவது வழி உண்டா?

நஷ்டஈடு என்று கேட்டால் இப்போதைக்குக் கஷ்டம். பதிவாளர் கடிதம், ஆர்.டி.ஐ., ரிட், இந்த மூன்றும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. கடிதத்தையாவது இப்போதே கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவன் உங்கள் பதிவு எண்ணைச் சொல்லி அழைத்தால், அன்றைக்கு அந்த முத்திரைத் தேதி பேசும்.

அந்த அம்மாவுக்குப் பணம் கிடைத்ததா?

1930இல் தாமதமாகச் சொல்லியும் ஒரு கணக்கில் 4,200 ரூபாய் மாட்டிக்கொண்டு நின்றது. நடுவர் உத்தரவு வாங்கி அது வந்துவிட்டது. மீதி 7,100க்குச் சென்னையில் மனு போட்டிருக்கிறோம், மென்பொருள் கம்பெனியையும் சேர்த்து. அவர் மகள் அன்றிரவு கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்த ஒரு பக்கம்தான் அதில் முதல் இணைப்பு. பதிவு எண்ணைச் சொன்னான், துறையைச் சொன்னான், அம்மா பெயரில் விண்ணப்பத்தில் விழுந்திருந்த தப்பையும் அப்படியே சொன்னான் என்று தேதியோடு எழுதியிருக்கிறாள்.